லா பாஸுக்குப் போகும் சாலை

பெருவின் குஸ்கோ நகரிலிருந்து பொலிவியாவின் லா பாஸுக்குப் பேருந்தில் போகிறவர்கள், இரவு புறப்பட்டால் மறுநாள் மாலைக்குள் சேர்ந்துவிடலாம் என்பது பயணச்சீட்டு விற்பவர்கள் சொல்லும் கணக்கு. இரவில் ஆண்டீஸ் மலைமேட்டைக் கடந்து விடியற்காலையில் புனோ, அங்கே வண்டி மாறி முற்பகலில் எல்லை, மதியம் கோபகபானா, அங்கிருந்து இன்னொரு வண்டியில் டிட்டிகாகா ஏரியின் குறுகிய பகுதியைத் தாண்டி லா பாஸ். மொத்தம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நான் போன ஜூன் மாதத்தில் இந்தக் கணக்கின் ஒரு வரிகூடத் தேறவில்லை. வண்டி கிளம்பத் தாமதமானது, எல்லை மூடிக்கொண்டது, டீசல் கிடைக்கவில்லை, ஏரியில் காற்று எழுந்தது, கடைசியில் சாலையே கற்களால் அடைபட்டது. ஒவ்வொரு தாமதத்துக்கும் என்ன காரணம் என்று பக்கத்து இருக்கைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே போனேன். அவர்கள் சொன்னவற்றில் பாதி அன்றைய செய்தி. மறுபாதி 1781ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் வரலாறு.

குஸ்கோவில் நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களை ஏற்றிச் செல்லவேண்டிய வண்டி எதிர்த்திசையிலிருந்து வந்து சேரவில்லை. நிறுவனத்தின் சாளரத்தில் இருந்தவர் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய நேரம் ஒன்றைச் சொன்னார். நள்ளிரவு கடந்தபின் வண்டி வந்தது. ஓட்டுநரை அங்கே எல்லோரும் ‘மாயெஸ்த்ரோ’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள். நம் ஊர்ப் பணிமனைகளில் ‘மேஸ்திரி’ என்பதைப் போன்ற தொனி. அந்த மாயெஸ்த்ரோ ஒரு குவளைக் கொக்கா இலைத் தேநீர் குடித்துவிட்டு உடனே வண்டியை எடுத்தார். 4,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள லா ராயா கணவாயை நாங்கள் இருட்டிலேயே கடந்தோம். கண்ணாடியின் உட்புறம் எங்கள் மூச்சு பனிப்படலமாக உறைந்திருந்தது.

விடிந்தபோது ஹூலியாகாவுக்கு வெளியே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வணிகமும் கடத்தலும் சந்திக்கும் இரைச்சலான சமவெளி நகரம் அது. பெருவின் அதிபராக இருந்த பேத்ரோ காஸ்தியோ 2022 டிசம்பரில் பதவி நீக்கப்பட்டபின் தெற்கு மலைமாவட்டங்கள் கொந்தளித்தன. 2023 ஜனவரி 9 அன்று, இந்த ஹூலியாகாவில் ஒரே நாளில் 15 பேருக்கு மேல் காவல்துறையின் நடவடிக்கையில் உயிரிழந்தார்கள். அதன்பின் வாரக்கணக்கில் இந்தச் சாலையில் எந்தப் பேருந்தும் ஓடவில்லை. புனோவுக்கும் லா பாஸுக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோயிருந்தது. எனக்கு முன்னிருக்கையில் இருந்த ஆசிரியர் ஒருவர் சன்னல் வழியாக விமான நிலையத்தின் பக்கம் கைகாட்டி, சுடப்பட்டது அங்கேதான் என்றார். வேறெதுவும் அவர் சொல்லவில்லை. பேருந்து முழுவதும் அந்தத் திசையைப் பார்த்தது.

புனோவில் எங்களுக்கான இணைப்பு வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த வண்டியில் இடம் கிடைத்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,810 மீட்டர் உயரத்தில், 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் ஏரியை ஒட்டியே சாலை தெற்கே போகிறது. தொத்தோரா கோரைகள் கரையோரம் பழுப்பு நிறத்தில் நின்றன. யுங்குயோ என்ற எல்லை ஊரைத் தாண்டிக் கசானி சாவடியை அடைந்தபோது அலுவலகம் மூடப்பட்டிருந்தது. இந்த எல்லையில் மாலைக்கு மேல் யாரும் கடக்க முடியாது. போதாக்குறைக்குப் பொலிவியாவின் கடிகாரம் பெருவினுடையதைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. யுங்குயோவுக்குத் திரும்பி, கம்பளிகளின் எடையில் புரள முடியாத ஒரு விடுதியில் இரவைக் கழித்தோம். மறுநாள் காலையில் பெருவின் முத்திரையை வாங்கிக்கொண்டு, மேட்டில் நடந்து ஏறி, கல் வளைவு ஒன்றைக் கடந்து பொலிவியாவின் முத்திரையைப் பெற்றோம்.

இந்த இடத்தில் நிலப்படத்தைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். கோபகபானா ஒரு தீபகற்பத்தில் இருக்கிறது. அந்தத் தீபகற்பம் பொலிவியாவுக்கு உரியது என்றாலும் நிலவழியாக அது பெருவோடு மட்டுமே ஒட்டியிருக்கிறது. தன் தலைமையிடமான லா பாஸுக்குப் போக வேண்டுமென்றால் கோபகபானாக்காரர் ஒன்று வேற்று நாட்டுக்குள் புகுந்து சுற்றிவர வேண்டும், அல்லது திகினா நீரிணையைப் படகில் தாண்ட வேண்டும். நீரிணையின் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பாலம் கட்டுவது பற்றிய பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இரு கரைகளிலும் படகோட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. கோபகபானாக்காரர்களுக்கோ பாலம் இல்லாதது அன்றாடத் தொல்லை. இரு தரப்பின் நியாயத்தையும் அந்தக் கரையில் நின்றால்தான் உணர முடிகிறது.

கோபகபானாவில் லா பாஸ் வண்டி காலையிலேயே கிளம்ப வேண்டியது. வண்டி நின்றது, டீசல் இல்லை. மாயெஸ்த்ரோவின் உதவியாளர் முந்தைய இரவே எரிபொருள் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பொலிவியா ஒரு காலத்தில் இயற்கை எரிவாயுவை விற்றே டாலர் ஈட்டிய நாடு. எரிவாயு உற்பத்தி குறைந்தது. 2023 முதல் நாட்டில் டாலர் தட்டுப்பாடு ஏற்பட்டது. டாலர் இல்லாததால் வெளியிலிருந்து வாங்கும் டீசலும் குறைந்தது. அரசு மானியம் கொடுத்து நீண்ட காலம் விலையை அசையாமல் வைத்திருந்ததால் டீசல் கிடைத்தபோது மலிவாகக் கிடைத்தது, ஆனால் கிடைப்பதே அரிதாக இருந்தது. லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் நிற்பதும், ஓட்டுநர்கள் சக்கரத்தின் நிழலில் சமைத்து உண்பதும் அப்போது வழக்கமான காட்சிகள்.

காத்திருந்த நேரத்தில் தேவாலயத்தின் முன் நடந்த வாகன ஆசீர்வாதத்தைப் பார்க்க முடிந்தது. 1583இல் பிரான்சிஸ்கோ தித்தோ யுபாங்கி என்ற இன்கா வழித்தோன்றல் செதுக்கிய கன்னிமரியின் சிலை உள்ளே இருக்கிறது. பிரேசிலின் புகழ்பெற்ற கடற்கரை தன் பெயரைப் பெற்றதும் இந்த மாதாவிடமிருந்தே. வெளியே கார்களும் சிற்றுந்துகளும் லாரிகளும் பூமாலையும் வண்ணத்தாளும் அணிந்து வரிசையாக நிற்கின்றன. பாதிரியார் வாளியில் புனித நீரோடு வந்து எஞ்சினைத் திறக்கச் சொல்லித் தெளிக்கிறார். அவர் நகர்ந்தபின் உரிமையாளர் சக்கரங்களில் பீர் ஊற்றுகிறார். அது பூமித்தாயான பச்சமாமாவுக்கு. பெருவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். சாலை எத்தனை நிச்சயமற்றது என்பதை இந்த மக்களைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. அந்தத் தெளிவிலிருந்து வந்த பக்தியாகவே அது எனக்குப் பட்டது.

நண்பகலுக்குப் பின் கிளம்பினோம். எனக்கு அடுத்த இருக்கையில் அகலமான பாவாடையும் உருண்டைத் தொப்பியும் அணிந்த, ஐம்பதைக் கடந்த ஐமாரா பூர்வகுடிப் பெண்மணி ஒருவர் அமர்ந்தார். ஏரியில் வளர்த்த டிரவுட் மீன்களைப் பனிக்கட்டியில் அடுக்கிய இரண்டு பெட்டிகளை வண்டியின் வயிற்றில் ஏற்றியிருந்தார். லா பாஸை ஒட்டிய எல் ஆல்டோ நகரின் சந்தையில் மாலைக்குள் இறக்கிவிட வேண்டும் என்று நடத்துனரிடம் இரண்டு முறை சொன்னார்.

திகினாவில் காற்று. நீர்ப்பரப்பு கரும்பச்சையாகக் கொந்தளித்தது. பயணிகள் சிறிய மோட்டார் படகுகளிலும், பேருந்து தட்டையான மரத் தெப்பத்திலும் கடப்பது வழக்கம். அந்தத் தெப்பத்தில் பேருந்து ஏறி நிற்பதைக் காண்கையில் எவருக்கும் வயிறு கலங்கும். பலகைகள் முனகுகின்றன, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறார்கள், ஓர் ஆள் நீண்ட கழியால் கரையை உந்தித் தள்ளுகிறார். அன்று படகோட்டிகள் சங்கம் தெப்பங்களை நிறுத்திவிட்டது. காற்று தணியும்வரை எந்த வண்டியும் ஏறாது என்று அவர்கள் உறுதியாகச் சொன்னதை நான் முழு மனதோடு ஏற்றேன். கரையில் கடற்படையின் பெரிய முகாம் இருக்கிறது. சிலியுடன் 1879இல் தொடங்கிய போரில் தன் கடற்கரை முழுவதையும் இழந்த நாடு, 3,800 மீட்டர் உயரத்து ஏரியில் கடற்படையைப் பேணிவருகிறது. கடலுக்கு வழி கேட்டுப் பன்னாட்டு நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் 2018 அக்டோபரில் பொலிவியாவுக்கு எதிராகவே முடிந்தது. ஆயினும் ஒவ்வொரு மார்ச் 23ஆம் நாளும் பள்ளிப் பிள்ளைகள் கடல் நாளுக்காக அணிவகுக்கிறார்கள். காற்றில் நின்றபடி இதை எனக்கு விளக்கிய இளைஞருக்குக் குரல் தழுதழுத்தது. அவர் கடலையே பார்த்ததில்லை.

சூரியன் சாயும் வேளையில் தெப்பங்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. சான் பாப்லோ கரையில் ஏறி, உவாத்தஹாத்தாவைத் தாண்டி, உவாரினாவை நெருங்கும்போது முன்னால் விளக்குகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் அடங்கியதும் பேருந்துக்குள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்மணி மட்டும் ‘ப்ளோக்கேயோ’ என்று சொல்லிவிட்டுத் தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ப்ளோக்கேயோ என்றால் சாலை மறியல். அது தமிழ்நாட்டவருக்குப் புதிதில்லை. குடிநீர் வராத தெருவிலிருந்து பெண்கள் காலிக் குடங்களோடு வந்து நெடுஞ்சாலையில் அமர்வதைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். பொலிவிய மலைமேட்டின் மறியலுக்கும் அதற்கும் உறவு உண்டு, ஆனால் அளவும் ஒழுங்கும் வேறு. இது நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீள்வது; இதற்கு முறைப்பட்டியல் உண்டு. ஒவ்வொரு ஊர்ச்சமூகத்துக்கும் உழவர் சங்கம் இருக்கிறது. மறியல் முடிவானதும் எந்த ஊர் எந்த இடத்தில், எந்த நாளில் சாலையைக் காக்க வேண்டும் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். குடும்பத்துக்கு ஒருவர் வர வேண்டும், வருகை குறிக்கப்படும், வராதவர் தண்டம் கட்ட வேண்டும். கால்வாய் தூர்வாருவதற்கும் திருவிழா நடத்துவதற்கும் உழைப்பை முறைவைத்துப் பகிரும் அதே ஏற்பாடுதான் சாலையையும் மறிக்கிறது. நகரத்தின் தொலைக்காட்சிகள் இதைக் கூலிக்குக் கூட்டிய கூட்டம் என்று சொல்லும்போது, அந்த ஊர்களின் அன்றாட ஆட்சிமுறையையே அவை அறியாமல் பேசுகின்றன என்பது என் கருத்து.

அன்றைய மறியலின் கோரிக்கை டீசல். விளைந்த உருளைக்கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோக லாரிகள் வரவில்லை, டிராக்டருக்கு எண்ணெய் இல்லை, அரசு எங்களுக்கு வாக்களித்த பங்கு வந்து சேரவில்லை என்றார்கள். டீசலுக்காக வரிசையில் நின்று டீசல் பெற்றுவந்த எங்கள் பேருந்து, டீசல் கேட்டு நின்றவர்களின் முன் நின்றது. அமைச்சகத்திலிருந்து ஆள் வந்து பேசினால் ‘இடைவேளை’ அறிவித்து வண்டிகளை விடுவார்கள் என்று செய்தி பரவியது. ஆள் வரவில்லை.

இரவு பூச்சியத்துக்குக் கீழே போனது. ஓட்டுநர் எண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை ஓடவிடாததால் வெப்பமூட்டியும் இல்லை. குழந்தைகளை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையில் கம்பளி விரித்துப் படுக்கவைத்தார்கள். நான் வைத்திருந்த எல்லா ஆடைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். உயரத்தின் தலைவலிக்கு மீன்காரப் பெண்மணி தன் பச்சைப் பையிலிருந்து கொக்கா இலைகளைக் கைநிறைய அள்ளிக் கொடுத்து, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளக் கற்றுத்தந்தார். மென்று விழுங்கக் கூடாதாம். அவருக்கு ஒரே ஆறுதல் குளிர்: மீன் கெடாது.

உவாரினாவிலிருந்து வடக்கே பிரியும் சாலை அச்சகாச்சிக்குப் போகிறது. பொலிவிய அரசியலில் அந்த ஊரின் பெயரே போதும், அமைச்சர்கள் நிமிர்ந்து அமர்வார்கள். போஞ்சோ என்ற சிவப்பு மேற்போர்வை அணிந்த அதன் ஐமாரா போராளிகளும், ‘மால்கு’ என்று அழைக்கப்பட்ட உழவர் சங்கத் தலைவர் ஃபெலிப்பே கிஸ்பேயும் 2000ஆம் ஆண்டு இந்தச் சாலைகளை அடைத்தபோது லா பாஸில் காய்கறி தீர்ந்துபோனது. கிஸ்பே 1992இல் ஆயுதக் குழு நடத்தியதற்காகக் கைதானவர். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்ட பெண் செய்தியாளரிடம், என் மகள் உங்கள் வீட்டில் வேலைக்காரியாக இருக்கக்கூடாது என்பதற்காக என்று அவர் சொன்ன பதில் இன்றும் அந்த மலைமேட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 2021இல் அவர் இறந்தார்.

அதே சாலையில் சற்றுத் தள்ளி வரிசாட்டா இருக்கிறது. 1931இல் அவெலினோ சின்யானி என்ற ஐமாராவும் எலிசார்தோ பேரேஸ் என்ற ஆசிரியரும் சேர்ந்து பூர்வகுடிகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஊர் அது. 2010ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அவ்விருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2003 செப்டம்பரில் எரிவாயு ஏற்றுமதிக்கு எதிரான மறியலின்போது சொராட்டா என்ற மலையூரில் சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் பாதுகாப்பு அமைச்சரே படையோடு போனார். பயணிகளை ஏற்றிய பேருந்துகள் படையின் காவலோடு திரும்பிவருகையில் வரிசாட்டாவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தன் வீட்டின் உள்ளே இருந்த எட்டு வயதுச் சிறுமியும் இறந்தாள். அந்தச் சாவுகளின் கோபம் எல் ஆல்டோவுக்குப் பரவி, அக்டோபரில் 60 பேருக்கு மேல் உயிரிழந்து, அக்டோபர் 17 அன்று அதிபர் கொன்சாலோ சான்செஸ் தே லொசாடா பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறும்வரை ஓயவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் வண்டியின் பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. நான் ஏற்கெனவே ஓரளவு படித்திருந்தேன். ஆனால், சாலையில் சிக்கிய வெளிநாட்டுப் பயணிகளை வீடு சேர்ப்பதற்காகத் தொடங்கிய காரியம் அது என்பதை, அதே நிலையில் சிக்கியிருக்கும் ஒரு பேருந்தில் அமர்ந்து கேட்பது வேறு. எங்கள் வண்டியில் இருந்த இரு ஐரோப்பிய இளைஞர்கள் தூதரகத்தை அழைக்கலாமா என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னேன். அதற்குப் பின் அந்தப் பேச்சு எழவில்லை.

காலையில் வெயில் ஏறியதும் எல்லோரும் இறங்கினோம். சாலையின் இருமருங்கிலும் வயல்களில் உருளைக்கிழங்குகள் பரப்பியிருந்தன. உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜூன், ஜூலை மாதங்களில் இந்த மலைமேடு சுன்யோ செய்கிறது. கிழங்கை இரவில் திறந்தவெளியில் உறையவிட்டு, பகல் வெயிலில் இளகியதும் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, தோலை உதிர்த்து, மறுபடி உறையவிட்டுக் காயவைக்கிறார்கள். சில நாட்களில் அது கூழாங்கல் போன்ற தோற்றமுள்ள, லேசான, கரிய பொருளாகிவிடும்; ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்காக்கள் தங்கள் களஞ்சியங்களில் நிறைத்துவைத்தது இதைத்தான். பாட்டி ஒருவரும் இரண்டு பேரப்பிள்ளைகளும் குவியல்களின் மேல் ஏறி நடனமாடுவதுபோல் மிதித்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு அடி தள்ளிச் சாலையில் கற்களும் எரிந்த டயர்களும். மறியலில் முறை முடிந்தவர்கள் நேராக வந்து கிழங்கை மிதித்தார்கள். உறைபனி இருக்கும் இந்தச் சில வாரங்களை விட்டால் ஆண்டு முழுவதுக்கும் சுன்யோ கிடையாது. போராட்டத்துக்காக அதை நிறுத்த அவர்களால் முடியாது.

மதியத்தில் மறியல் செய்த பெண்கள் சாலையின் நடுவிலேயே வண்ணத் துணிகளை நீளமாக விரித்தார்கள். ஆளாளுக்குக் கொண்டுவந்த வேகவைத்த கிழங்கு, சுன்யோ, அவரை, பாலாடைக்கட்டி, காரத் துவையல் எல்லாம் அந்தத் துணியில் ஒன்றாகக் கொட்டப்பட்டன. அப்தாபி என்று அதற்குப் பெயர். யார் எதைக் கொண்டுவந்தார் என்ற கேள்வியே அங்கில்லை. பேருந்துப் பயணிகளையும் அழைத்தார்கள். மீன்காரப் பெண்மணி பெட்டியைத் திறந்து ஆறேழு மீன்களை எடுத்து வந்தார். கம்பியில் கோத்துச் சாணி நெருப்பில் சுட்டார்கள். அவர் அதே நேரத்தில் ஊர்த்தலைவரிடம் ஐமாராவில் உரக்கச் சண்டையும் போட்டார். அதன் சாரத்தைப் பின்னர் எனக்குச் சொன்னார்: உங்கள் கோரிக்கை சரி, எங்கள் படகுக்கும்தான் எண்ணெய் இல்லை, ஆனால் லா பாஸ் அமைச்சருக்கு இதனால் ஒரு மீன்கூட அழுகப் போவதில்லை, அழுகுவது என் மீன்.

அந்தப் பெண்மணியின் சொற்களைத் தாண்டி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மறியலை வெறும் ரவுடித்தனம் என்று முகஞ்சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லா பாஸ் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கும் நகரம்; அதன் விளிம்பில் எல் ஆல்டோ. 1781இல் ஐமாரா கிளர்ச்சித் தலைவர்களான துபாக் கட்டாரியும் பார்டோலினா சிசாவும் அந்த விளிம்பில் பாளையம் இறங்கி, ஸ்பானியர்களின் நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். இறுதியில் கட்டாரியைப் பிடித்து, அதே ஆண்டு நவம்பரில் பெனியாஸ் என்ற ஊரில் நான்கு திசைகளில் குதிரைகளால் இழுத்துக் கொன்றார்கள். நாங்கள் நின்றிருந்த சாலையிலிருந்து பெனியாஸ் அதிக தூரமில்லை. வாக்குரிமையே 1952இல்தான் கிடைத்த மக்களுக்கு, தலைநகரத்தைச் செவிசாய்க்க வைக்கத் தெரிந்த ஒரே வழி அதன் சாலைகளாகவே இருந்திருக்கிறது. அது பலித்தும் இருக்கிறது. ஆனால் 2020 ஆகஸ்டில், தள்ளிப்போடப்பட்ட தேர்தலைக் கேட்டு நடந்த மறியல்களில் கொரோனா நோயாளிகளுக்கான ஆக்சிஜன் லாரிகளும் சிக்கின. தேர்தல் அக்டோபரில் நடந்தது, கோரிக்கை வென்றது. மருத்துவமனைகளில் மூச்சுக்குத் தவித்தவர்களின் கணக்கு இன்றும் வழக்காகவும் வசையாகவும் தொடர்கிறது. மறியல் செய்பவரின் அண்டை வீட்டுக்காரரே பெரும்பாலும் அதன் முதல் விலையைக் கொடுக்கிறார். இவ்விரண்டில் ஒன்றை மறைத்து இன்னொன்றை மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு தரப்பினர்மேல். மறியல் தொடங்கி ஒரு நாள் கழிந்தபின்னும் கோபகபானாவில் எங்களுக்குப் பயணச்சீட்டு விற்றவர்கள் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. தேசிய நெடுஞ்சாலை நிர்வாகம் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று அன்றாடம் நிலப்படம் வெளியிடுகிறது. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் அந்தக் குளிர் இரவைத் தவிர்த்திருக்க முடியும்.

பிற்பகலில் எங்கள் பேருந்து இனி நகராது என்பது தெளிவானது. இத்தகைய நேரங்களில் ‘த்ரான்ஸ்போர்தோ’ உண்டு: அடைப்பின் இப்பக்கம் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு நடந்து, அப்பக்கம் நிற்கும் வேறு வண்டியில் ஏறுவது. மறியல்காரர்கள் நடந்துபோகிறவர்களைத் தடுப்பதில்லை. கற்குவியல்கள் ஒன்றல்ல, பல. இடையிடையே மண் அணைகளும் வெட்டிச் சாய்த்த யூக்கலிப்டஸ் மரங்களும் கிடந்தன. அந்த உயரத்தில் சுமையோடு பத்து எட்டு வைத்தால் நெஞ்சு படபடக்கும். சுரங்கத் தொழிலாளி நூறடிக்கு ஒருமுறை நின்றார், மூச்சில் விசிலடித்தது. மீன் பெட்டி ஒன்றை அந்த ஐரோப்பிய இளைஞர்கள் இருவரும், மற்றொன்றை அந்தப் பெண்மணியும் நானும் தூக்கிக்கொண்டோம். வழியில் இருந்த ஒவ்வொரு காவல் கூட்டத்திலும் அவரைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொருவரும் விலை கேட்டார், இருவர் வாங்கினார்கள்.

அடைப்பின் மறுமுனையில் நின்ற சிற்றுந்து, வழக்கமான கட்டணத்தின் பல மடங்கைக் கேட்டது. பேரம் பேசும் நிலையில் யாரும் இல்லை. பதாயாஸ் கடந்து, ஹுவாய்னா போத்தோசியின் பனிமுடி இடப்புறம் தொடர, இருட்டும் வேளையில் எல் ஆல்டோவின் ரியோ செக்கோ பகுதியில் இறங்கினோம். பெண்மணி அங்கேயே பெட்டியைத் திறந்தார். மேலடுக்கு இன்னும் விறைப்பாக இருந்தது, அடியில் இருந்தவை தளர்ந்துவிட்டன. சாலையோரம் மீன் பொரித்து விற்கும் பெண்கள் உடனே சூழ்ந்துகொண்டார்கள். பாதி விலைக்கும் குறைவாக எல்லாம் போனது.

லா பாஸ் பள்ளத்துக்குள் இறங்கும் வண்டிக்காகக் காத்திருந்தபோது, அடுத்த முறை உங்கள் ஊருக்கு மறியல் முறை வந்தால் போவீர்களா என்று அவரிடம் கேட்டேன். போகாமல் எப்படி, பட்டியலில் என் பெயர் இருக்கிறதே என்றார் அவர், பணத்தை எண்ணிக்கொண்டே. ஆனால் மீன் ஏற்றிய வண்டியையும் ஆம்புலன்ஸைப் போலவே விட வேண்டும் என்று இந்த முறை கூட்டத்தில் எழுந்து பேசப் போவதாகவும், கோபகபானா பக்கத்து மீன்காரப் பெண்களில் இன்னும் நான்கைந்து பேரைக் கூட அழைத்துப் போவதாகவும் சொன்னார்.